ரொசேந்தோவின் முழங்கால்

இன்னாசித்தம்பிக்கு ஸ்பானிய மொழி தெரியும் என்று சொன்னால் முதலில் ஒருவரும் நம்புவதில்லை. யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, மீசை அரும்பிய கையோடு கடலுக்குப் போனவர். பிறகு கிரேக்க முதலாளியின் சரக்குக் கப்பலொன்றில் ஏறினார். அந்தக் கப்பலில் வேலை செய்தவர்களில் பாதிப் பேர் ஹொண்டூராஸ் நாட்டவர்கள். பத்து வருடம் அவர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே இயந்திர அறையில் வெந்து, அவர்களுடைய மொழியைப் பிடித்துக்கொண்டார். இலக்கணம் கிடையாது, எழுத்து கிடையாது, பாதிக்கு மேல் கெட்ட வார்த்தை. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அந்த நாட்டுக் கடற்கரையில் பிறந்தவன் கதைப்பது போலவே இருக்கும்.

அவர்கள் மொழியில் ‘ஆம்’ என்பதற்குச் ‘சீ’ என்று சொல்ல வேண்டும். முதல் மாதம் முழுவதும், தான் எதைக் கேட்டாலும் இந்தப் பயல்கள் சீ, சீ என்று முகத்தில் அடித்தது போலச் சொல்கிறார்களே என்று மனம் நொந்து, அவர் ஒருவரோடும் ஒட்டாமல் திரிந்தாராம். விஷயம் விளங்கிய பிறகு அவரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எண்பத்து மூன்றில் கப்பலை விட்டு ஊருக்குப் போனார். போன நேரம் நல்ல நேரமில்லை. கடலில் இறங்கினால் கடற்படை சுடும், வீட்டில் இருந்தால் இராணுவம் வந்து பிடிக்கும் என்றிருந்த காலம். இரண்டு வருடம் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டு, மனைவி பற்றிமாவையும் இரண்டு பிள்ளைகளையும் மாமியார் வீட்டில் விட்டு, மொஸ்கோ, கிழக்கு பெர்லின் என்று சுற்றிக்கொண்டு டென்மார்க்கில் வந்து இறங்கினார். செஞ்சிலுவைச் சங்கத்தின் முகாமில் சில மாதம் இருந்தார். பிறகு ஜுட்லாந்தின் நடுவில் கிரின்ஸ்டெட் என்ற சிறு நகரத்தில் ஒரு வீட்டின் பாதி கிடைத்தது. மற்றப் பாதியில் யேசுரட்ணம் என்ற மன்னார்ப் பெடியன். ஆள்தான் பெடியன், வாய் எழுபது வயதுக் கிழவனின் வாய். அகதி என்று ஏற்றுக்கொண்ட கடிதம் வந்த கையோடு இன்னாசித்தம்பி பற்றிமாவையும் பிள்ளைகளையும் கூப்பிட விண்ணப்பம் போட்டார். அதற்குப் பதில் வரவேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வாழ்க்கையில் வேறு எதிர்பார்ப்பு இல்லாத காலம் அது.

அந்த வருடம், எண்பத்தாறு, டென்மார்க் முழுவதற்கும் உதைபந்துப் பைத்தியம். அவர்களுடைய நாடு முதல் முறையாக உலகக் கிண்ணத்துக்குப் போகிறது. பேக்கரியில் பாண் வாங்கப் போனாலும் சிவப்பும் வெள்ளையுமாகத் துணி தொங்கும். கிரின்ஸ்டெட்டிலிருந்து அரை மணி நேரம் கார் ஓடினால் இன்னொரு நகரம் வரும். அதன் பெயர் இங்கே வேண்டாம். அந்த நகரத்துக் கழகமும் சும்மா இருக்கவில்லை. மற்றவர்களைப் போலத் தானும் ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரனைக் கொண்டுவந்தது. இடது ஓரத்தில் விளையாடுகிற இருபத்துநான்கு வயதுப் பெடியன். பெயர் ரொசேந்தோ பாடில்யா. ஊர், ஹொண்டூராஸ்.

கொண்டுவந்த பிறகுதான் அவனோடு கதைக்க ஆளில்லை என்பது அவர்களுக்கு உறைத்தது. பள்ளிக்கூடத்து ஸ்பானிய ஆசிரியை ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, இவன் கதைப்பது தனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை என்று கையை விரித்துவிட்டார். செஞ்சிலுவைக்காரர் ஒருவர் இன்னாசித்தம்பியைப் பற்றிச் சொல்ல, கழகத் தலைவர் ஹோல்கர் தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். ஹோல்கர் இரும்புக்கடை வைத்திருப்பவர். நல்ல உயரம், கொஞ்சப் பேச்சு. கோச்சும் டாக்டரும் ஆங்கிலத்தில் கதைப்பார்கள், நீ அதை ஸ்பானியத்தில் சொல்லவேண்டும், அவ்வளவுதான் வேலை என்றார். கப்பல் ஆங்கிலம் இன்னாசித்தம்பியிடம் தாராளமாக இருந்தது. ஓம் என்றார்.

அவரைக் கண்டதும் ரொசேந்தோ பெயரைக் கேட்டான். இன்னாசி என்றார். அவன் முகம் மலர்ந்துவிட்டது. இக்னாசியோ, என்றான். ஒரே புனிதரின் பெயர்தான், இரண்டு கடற்கரைகளில் இரண்டு மாதிரித் தேய்ந்திருக்கிறது. அன்றிலிருந்து அவர் அவனுக்கு இக்னாசியோதான்.

அவன் கதையை அவர் காரிலும் மைதானத்து ஓரத்திலும் துண்டு துண்டாகக் கேட்டார். தேலா என்ற கரையோர ஊரில் பிறந்தவன். தகப்பனுக்கு வாழைக்குலை ஏற்றும் ரயிலில் வேலை. மணலில் வெறுங்காலோடு பந்தடித்துப் பழகியவனை லா செய்பா நகரத்துக் கழகமொன்று கூட்டிக்கொண்டு போனது. எண்பத்திரண்டில் அவன் நாடு ஸ்பெயினுக்கு உலகக் கிண்ணம் விளையாடப் போனபோது, பயிற்சி முகாம் வரைக்கும் போய், கடைசி நேரத்தில் கழிக்கப்பட்டு வீட்டுக்கு வந்தான். கூடப் படுத்தெழும்பியவர்கள் விளையாடுவதைத் தகப்பனின் வானொலியில் கேட்டான். அடுத்த வருடம் ஸ்பெயினின் இரண்டாம் பிரிவுக் கழகமொன்று அவனை எடுத்தது. எடுத்து, பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கிலேயே இருத்தி வைத்தது. அதன் பிறகு ஒரு தரகன் வந்து டென்மார்க் என்றான். அது எங்கே இருக்கிறது என்று இவன் கேட்டானாம். ஜேர்மனிக்கு மேலே என்றானாம் தரகன். இவன் காதில் ஜேர்மனி என்ற சொல் மட்டும்தான் விழுந்தது. அங்கே போய் விளையாடவேண்டும், தகப்பனின் வானொலியில் தன் பெயர் வரவேண்டும். அதற்காகத்தான் இந்தக் குளிரெல்லாம்.

இன்னாசித்தம்பி மொழிபெயர்த்த அழகைச் சொல்லவேண்டும். கோச் பௌல் நல்ல மனிதர், ஆனால் விளையாட்டு நேரத்தில் வாய் கூசாது. கிழட்டு மாடு மாதிரி நிற்கிறான் என்று சொல்லு என்பார். இன்னாசித்தம்பி திரும்பி, தம்பி, இன்னும் கொஞ்சம் ஓடினால் நல்லதாம் என்பார். ரொசேந்தோ பதிலுக்குக் கோச்சின் தாயைப் பற்றி ஏதாவது சொல்வான். சரி ஐயா என்கிறான் என்பார் இவர். இப்படி இரண்டு பக்கமும் கரடுமுரடைத் தட்டிக் கொடுத்ததில் இருவருக்கும் நல்ல ஒற்றுமை வந்தது. தான் கெட்டிக்காரன் என்ற எண்ணம் இன்னாசித்தம்பிக்கும் மெல்ல வந்துவிட்டது. பையன் அந்த வசந்தகாலத்தில் கோல் மேல் கோலாக அடித்தான். ஊர்ப் பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் பக்கத்தில் நின்ற இன்னாசித்தம்பியையும் ஆட்டக்காரர் என்று நினைத்துக் கடைக்காரி ஒருத்தி கை கொடுத்தாள். அவர் மறுக்கவில்லை.

சனிக்கிழமைகளில் ரொசேந்தோ கிரின்ஸ்டெட்டுக்கு வருவான். இவர் மீன்குழம்பு வைப்பார். அவன் உறைப்பில் கண்ணீர் விட்டுக்கொண்டே இரண்டாம் முறையும் போட்டுக்கொள்வான். பற்றிமாவின் படத்தைப் பார்த்து, இவ்வளவு வடிவான பெண் உனக்கு எப்படி வாய்த்தது என்று கேட்பான். இந்த நாட்டில் இன்னாசித்தம்பியை யாரும் பகிடி பண்ணியது கிடையாது. எல்லோரும் அவரிடம் இரக்கமாகத்தான் கதைத்தார்கள். பகிடி பண்ண ஒருவன் இருந்தது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

செப்டெம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் வந்தது வினை. ஹாம்பர்க் பக்கத்துக் கழகமொன்றிலிருந்து இரண்டு பேர் ரொசேந்தோவைப் பார்க்க வந்திருந்தார்கள். முதல் பாதி முடிகிற நேரத்தில் எதிர்ப்பக்கத்துத் தடியன் ஒருவன் பக்கவாட்டில் வந்து மோதினான். ரொசேந்தோ எழும்பி நடந்துதான் உடுப்பு மாற்றும் அறைக்கு வந்தான். டாக்டர், ஊரிலேயே வைத்தியம் பார்த்து வயதாகிப்போன மனிதர், குனிந்து முழங்காலைப் பிடித்து ஒரு பக்கமாகத் திருப்பினார். வெளியே விசில் ஊதப்போகிறார்கள். இங்கே நோகவில்லையா என்று இன்னாசித்தம்பியைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டார். இவர் அதை அப்படியே ஸ்பானியத்தில் கேட்டார்.

ரொசேந்தோ பல்லைக் கடித்துக்கொண்டு, சீ, என்றான்.

யெஸ் சேர், நோ பெயின், என்றார் இன்னாசித்தம்பி.

நம்மவர்களுக்கு இதில் ஒரு பிழையும் தெரியாது. சாப்பிடேல்லையோ என்று கேட்டால், ஓம், சாப்பிடேல்லை என்போம். நோகேல்லையோ என்று கேட்டு ஒருவன் ஓம் என்றால் அவனுக்கு நோகவில்லை. அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? இன்னாசித்தம்பியும் யோசிக்கவில்லை. டாக்டர் முழங்காலில் துணிப் பட்டி சுற்றி, முதுகில் தட்டி அனுப்பினார். இரண்டாம் பாதி தொடங்கிச் சிறிது நேரத்தில், பக்கத்தில் ஒருவரும் இல்லாமலே, பந்தோடு திரும்பியவன் அப்படியே சரிந்தான். கோட்டுக்கு வெளியே நின்ற இன்னாசித்தம்பிக்குக் கூட அந்த முழங்காலின் சத்தம் கேட்டது. ஜேர்மன்காரர்கள் ஆட்டம் முடியுமுன்பே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரியில் கால் முழுவதும் மாவுக்கட்டோடு படுத்திருந்தவனைப் பார்க்கப் போனார். அவன் சொன்னது ஸ்பானியம்தான், ஆனால் அவர் நெஞ்சில் அது நம் பேச்சாகத்தான் விழுந்தது.

“நோகுது எண்டு நான் சொன்னனான் தானே. பிறகு ஏன் என்னை விளையாட விட்டவை?”

இன்னாசித்தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நீ சீ எண்டு சொன்னனீ.”

“ஓம், சீ எண்டுதான் சொன்னனான்.”

“பிறகென்ன?”

“பிறகென்ன எண்டால்?”

இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லிச் சண்டை பிடித்தார்கள். சீ என்றாய், சீ என்றேன், சீ என்றாய் என்று சத்தம் ஏற, தாதி வந்து இன்னாசித்தம்பியை வெளியே போகச் சொன்னார். பஸ்ஸில் வரும்போது அவருக்கு நெஞ்சு கொதித்தது. நேற்று வரைக்கும் தன் குழம்பைத் தின்றவன், இன்று தன் தலையில் பழியைப் போடுகிறான். கப்பலில் இப்படி எத்தனை பேரைப் பார்த்தாயிற்று. காரியம் கெட்டால் பக்கத்தில் நிற்கும் கறுவலைக் கைகாட்டுவது. இனி அவன் முகத்தில் முழிப்பதில்லை என்று முடிவெடுத்தார்.

அந்தக் கோபம் ஆறுமுன்னமே ஹோல்கர் அவரைக் கழகத்துக்குக் கூப்பிட்டார். கோச்சும் டாக்டரும் இருந்தார்கள். அன்று அவன் என்ன சொன்னான் என்று ஹோல்கர் கேட்டார். நோகவில்லை என்று சொன்னான் என்றார் இன்னாசித்தம்பி. அவரைப் பொறுத்தவரை அது உண்மை. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒருவரும் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். ஜேர்மன்காரர் பார்க்க வந்திருந்தார்கள் அல்லவா, அதனால் நோவை மறைத்திருப்பான், என்றார். டாக்டர் தலையை ஆட்டினார். கோச் பெருமூச்சு விட்டார்.

காயத்தை மறைத்து விளையாடியவனோடு ஒப்பந்தத்தைத் தொடர முடியாது என்று கழகம் முடிவெடுத்தது. ஒப்பந்தம் போனால் வதிவிட அனுமதி போகும். அனுமதி போனால் நாட்டை விட்டுப் போகவேண்டும். முழங்காலுக்குள் அறுந்ததைத் தைக்கப் பெரிய ஆஸ்பத்திரியில் முறை வரக் குளிர்காலம் ஆகும். அதுவரைக்கும் அவன் இங்கே இருக்க வழியில்லை. மாத முடிவு மட்டும் கழகம் அவனுக்கு எடுத்துக் கொடுத்த, சைக்கிள் கடைக்கு மேலே உள்ள அறையில் இருக்கலாம், பிறகு விமானச் சீட்டு. இதை யேசுரட்ணம்தான் யாரிடமோ கேட்டு வந்து சொன்னான். செய்தவன் அனுபவிக்கட்டும் என்றார் இன்னாசித்தம்பி. சொன்ன பிறகு சோறு இறங்கவில்லை. கறியில் உப்புக் கூடிவிட்டது என்று சொல்லி எழும்பிப் போனார்.

அடிபட்ட மூன்றாம் கிழமை. டெனிஸ் வகுப்பு. ஆசிரியை கிர்ஸ்டன் கலகலப்பான பெண். ஆம் என்பதற்கு ‘யா’, இல்லை என்பதற்கு ‘நை’ என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார். அந்த ‘நை’ நம் காதில் நாய் என்று விழுவதால் தமிழ் வாங்கில் எப்போதும் ஒரு சிரிப்பு ஓடும். அன்று ஆசிரியை யன்னலைத் திறந்துவிட்டு, உங்களுக்குக் குளிரவில்லையா என்று இன்னாசித்தம்பியைக் கேட்டார். அவருக்குக் குளிரவில்லை. யா என்றார். அங்கேதான் பாடம் தொடங்கியது. குளிரவில்லையா என்று கேட்டால் யா என்று சொல்லக்கூடாது என்றார் ஆசிரியை. குளிராவிட்டால் நை. குளிர்ந்தால், அதற்கென்று டெனிஸில் தனியாக ஒரு சொல் இருக்கிறது, ‘யோ’. இல்லையா என்று கேட்பவனுக்கு, இல்லை, இருக்கிறது என்று மறுத்துச் சொல்கிற ஆம் அது. ஆங்கிலத்தில் அப்படித் தனிச்சொல் இல்லை. பிரெஞ்சில் உண்டு, அவர்கள் ‘சீ’ என்பார்கள் என்று சொல்லிக்கொண்டே பலகையில் எழுதினார்.

இன்னாசித்தம்பி எழுதுவதை நிறுத்தினார். கையை உயர்த்தினார். அரைகுறை டெனிஸும் ஆங்கிலமுமாகக் கேட்டார். ஸ்பானியக்காரன் ஒருவனின் காலைப் பிடித்து, நோகவில்லையா என்று கேட்கிறோம். அவன் சீ என்கிறான். அப்படியென்றால் என்ன?

நோகிறது என்று அர்த்தம், என்றார் கிர்ஸ்டன். ஐரோப்பாவில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான்.

நோகிறது என்றா, என்று இவர் திரும்பவும் கேட்டார். ஆமாம், நோகிறது என்று, என்றார் அவர். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். பத்து வருடம் அந்த மொழியோடு குடும்பம் நடத்தியவருக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று கேட்டால், கப்பலில் ஒருவனை ஒருவன் நோகவில்லையா என்று கேட்பது கிடையாது. அதைத் தூக்கு, இதைக் கழுவு, இவ்வளவுதான் பேச்சு.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது எல்லாம் வரிசையாக விளங்கியது. பையன் நோகிறது என்று சொன்னான். இவர் முதலில் யெஸ் என்றது அவன் காதில் விழுந்திருக்கும். அந்த ஆங்கிலச் சொல் அவனுக்கும் தெரியும், மிச்சம் விளங்கியிருக்காது. நோகிறது என்று டாக்டருக்குச் சொல்லியாயிற்று, தெரிந்துகொண்டுதான் விளையாடச் சொல்கிறார்கள், சொன்னால் செய்யத்தான் வேண்டும் என்று எழும்பிப் போயிருக்கிறான். பொய் சொன்னவன் என்று அவன் பெயரைக் கெடுத்தது யார்? மறைத்தான் என்று ஒருவரும் கேளாமல் வாய் வைத்தது யார்? நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது அவருக்கு.

யேசுரட்ணத்திடம் சொன்னார். அவன் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து இருந்தான்.

“அண்ணை, நான் சொல்லுறன் எண்டு கோவிக்காதேங்கோ. வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ. அக்காவும் பிள்ளையளும் முதல் வந்து இறங்கட்டும். பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு நீங்களே போய் நிண்டால், அப்ப உங்கட அகதிக் கேசிலை சொன்னதெல்லாம் சரியோ எண்டு ஒருத்தன் கேப்பான்.”

அது எப்படி, இரும்புக்கடைக்காரருக்கும் அகதிப் பொலிசுக்கும் என்ன சம்பந்தம் என்று இவர் கேட்டார். இந்த நாட்டில் எல்லாம் எல்லாத்தோடும் சம்பந்தம் என்றான் அவன். பயந்தவனுக்குப் பயம் நியாயமாகத்தான் தெரியும். யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுவது அந்த நாட்களில் ஒவ்வொரு கடிதத்திலும் வந்தது. பிள்ளைகள் பதுங்குகுழிக்குள் இருந்து பாடம் படிப்பதாகப் பற்றிமா எழுதியிருந்தாள். ஒரு பக்கம் ஒருவனின் முழங்கால், மறுபக்கம் தன் பிள்ளைகளின் உயிர். இன்னாசித்தம்பி வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார். அன்று இருந்தார், மறுநாளும் இருந்தார். குற்றம் தெரியாமல் இருந்த நாட்களை விடத் தெரிந்துகொண்டு இருந்த அந்த நாட்கள் அவரை அரித்துத் தின்றன. செபமாலையைக் கையில் எடுத்தால் வாய் தானாக ஓடும், மனம் சைக்கிள் கடைக்கு மேலே போய் நிற்கும். கண்ணாடியைப் பார்த்துச் சவரம் செய்யப் பிடிக்கவில்லை. தாடியோடு வகுப்புக்குப் போனார்.

சனிக்கிழமை காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினார். எங்கே போகிறீர்கள் என்று யேசுரட்ணம் கேட்கவில்லை. கேட்காமலே, பஸ் வரப்போகுது, ஓடுங்கோ என்றான்.

ஹோல்கர் கடையில் ஆணிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இன்னாசித்தம்பி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். யா, நை, யோ, சீ, நோகேல்லையோ, எல்லாம். ஹோல்கருக்கு முதலில் விளங்கவில்லை. திரும்பவும் சொன்னார். இரண்டாம் முறை விளங்கியது. அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

ஜேர்மன்காரருக்காக மறைத்தான் என்றாயே, அதுவும் அவன் சொன்னதா என்று கேட்டார்.

இல்லை, அது நானாகச் சொன்னது, கோபத்தில் சொன்னது, என்றார் இன்னாசித்தம்பி.

ஹோல்கர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய்த் தொலைபேசியில் டாக்டரோடு கதைத்தார், பிறகு கோச்சோடு கதைத்தார். டாக்டரோடு கதைக்கும்போது மட்டும் குரல் உயர்ந்தது. காலைப் பார்த்தாய், முகத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்பது இவருக்கே விளங்கியது. வெளியே வந்து, ஒப்பந்தம் எழுதியபடி அடுத்த கோடை வரைக்கும் அப்படியே இருக்கும், அவன் இங்கேயே இருந்து சத்திரசிகிச்சை செய்துகொள்ளலாம் என்றார். இனிமேல் மொழிபெயர்க்க வேறு ஆளைப் பார்க்கிறோம் என்றும் சொன்னார். திரும்ப விளையாட முடியுமா என்று இவர் கேட்டார். ஹோல்கர் தெரியாது என்று தோளைக் குலுக்கினார். பொலிசைப் பற்றியோ பற்றிமாவின் விண்ணப்பத்தைப் பற்றியோ அவருக்கு நினைப்பே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. வா, நீயே போய் அவனிடம் சொல், என்று கார்ச் சாவியை எடுத்தார்.

காரில் இருக்கும்போது இன்னாசித்தம்பிக்குப் பல நாளைக்குப் பிறகு மூச்சு இலேசாக வந்தது. பாரம் இறங்கிவிட்டது என்றுதான் நினைத்தார். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுக் கோயிலை விட்டு வருகிறவன் போல இருந்தார். ரொசேந்தோ முதலில் கத்துவான், பிறகு கட்டிப்பிடிப்பான், அடுத்த சனிக்கிழமை நல்ல விளைமீன் தேடிப் பிடித்துக் குழம்பு வைக்கலாம் என்றெல்லாம் மனம் ஓடியது.

ரொசேந்தோ வந்து கதவைத் திறக்க நேரமெடுத்தது. ஊன்றுகோல் இரண்டும் புதிதாக இருந்தன, ஆள்தான் பழசாகிவிட்டிருந்தான். அறையில் சூடாக்கி போடப்படவில்லை. அதைத் திருப்புகிற பிடி கட்டிலுக்குப் பின்னால் கீழே இருந்தது, மாவுக்கட்டோடு குனிய முடியாது. தொட்டி நிறையக் கழுவாத கோப்பைகள். மேசையில் வெட்டாத பாண். அவன் இருக்கச் சொல்லுமுன்பே இன்னாசித்தம்பி கதிரையில் இருந்து, தொடங்கிவிட்டார். எங்கள் மொழியில் இப்படி, உங்கள் மொழியில் அப்படி, இவர்களிடம் யோ என்று ஒன்று இருக்கிறது, பார், ஒரே ஒரு சொல்லால் வந்த வினை. இப்போது கழகத்துக்குச் சொல்லியாயிற்று, நீ பொய் சொல்லவில்லை என்று எல்லோருக்கும் தெரியும், நீ போகவேண்டியதில்லை. மன்னித்துக்கொள் என்றும் சொன்னார். அவர் கண் நிறைந்திருந்தது.

ரொசேந்தோ முழுவதையும் கேட்டான். கத்தவில்லை. ஒரு சொல்லிலா, என்று ஒருமுறை கேட்டு, கொஞ்சம் சிரித்தும் விட்டான். இன்னாசித்தம்பியும் கூடச் சிரித்தார். பிறகு அவன் மாவுக்கட்டை இரண்டு கையாலும் தூக்கிக் கட்டிலில் வைத்தான்.

“சொல்லு பிழைச்சது. அது ஆருக்கும் பிழைக்கும், இக்னாசியோ. அதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை,” என்றான். “ஆனா மூண்டு கிழமை நான் இந்த அறைக்குள்ளை கிடந்தன். இந்த ஊரிலை எனக்குக் கதைக்க இருந்தது நீ ஒராள். நீ வரேல்லை. நான் பொய் சொன்னனான் எண்டே வை. பொய் சொன்னவனுக்குக் கால் நோகாதோ?”

சொல்லைப் பற்றிச் சொல்ல இன்னாசித்தம்பியிடம் ஒரு பாடமே இருந்தது. வராமல் இருந்ததைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதை ஒரு மொழியும் செய்யவில்லை, அவர்தான் செய்தார். தான் இறக்கி வைத்துவிட்டேன் என்று நினைத்தது சின்னச் சுமை என்பதும், பெரியது இன்னும் தன்னிடம்தான் இருக்கிறது என்பதும் அந்தக் குளிர்ந்த அறையில் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. வெட்கத்தில் அவரால் நிமிர்ந்து அவனைப் பார்க்க முடியவில்லை.

எழும்பிப் படியிறங்கிக் கீழே போனார். ஹோல்கர் காரை இயக்கத்திலேயே வைத்திருந்தார். நீங்கள் போங்கள் என்றார். கிரின்ஸ்டெட்டுக்கு இனித் திங்கட்கிழமை வரைக்கும் பஸ் இல்லையே என்றார் ஹோல்கர். தெரியும் என்றார் இன்னாசித்தம்பி.

மேலே வந்தார். கட்டிலுக்குப் பின்னால் முழங்காலில் நின்று சூடாக்கியின் பிடியைத் திருப்பினார். கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, தொட்டிக்குள் கிடந்த கோப்பைகளைக் கழுவத் தொடங்கினார். ரொசேந்தோ வேண்டாம் என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.